வீட்டுக்கு வந்த சாமி படம்

உங்கள் வீட்டில் சாமி படம் இருக்கிறதா? லட்சுமி படமா? சரஸ்வதி படமா? தாராவியில் சின்ன வீட்டிலும் இருக்கும். மாட்டுங்காவில் பெரிய வீட்டிலும் இருக்கும்.

150 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. வண்ணப் படம் வேண்டுமானால் ஓவியர் கையால் வரைய வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கோயிலுக்குப் போய்ச் சாமியைப் பார்க்கலாமே என்பீர்கள். அன்று பல சாதி மக்களைக் கோயிலுக்குள் விடவில்லை. திருவிதாங்கூரில் அரசுக் கோயில்கள் அவர்களுக்குத் திறந்தது 1936-இல்தான்.

அந்தத் திருவிதாங்கூரில் கிளிமானூர் என்ற ஊர் உண்டு. 1848-இல் ரவி வர்மா அங்கே பிறந்தார். தம்பி ராஜராஜ வர்மா. தங்கை மங்களா பாய். மூவருமே ஓவியர்கள்.

ரவி வர்மாவின் படங்களைப் பலரும் கேட்டார்கள். எத்தனை பேருக்குக் கையால் வரைந்து கொடுக்க முடியும்? அதனால் அண்ணனும் தம்பியும் 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார்கள். தம்பி அதைக் கவனித்துக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது. வேலை தெரிந்தவர்களும் வந்தார்கள்.

படத்தை எப்படி அச்சடித்தார்கள்?

மரக்கட்டையில் அச்சடிப்பது ஒரு வழி. கட்டையில் படத்தை மேடாகச் செதுக்குவார்கள். மேட்டில் மை தடவிக் காகிதத்தை அழுத்துவார்கள். லண்டனில் டால்சியல் என்ற அண்ணன் தம்பிகள் இதில் பேர் பெற்றவர்கள். அவர்களுடைய சகோதரி மார்கரெட்டும் கட்டை செதுக்கினார்.

மும்பை அச்சகத்தில் கல்லில் அச்சடித்தார்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கல் அது. கொழுப்பு கலந்த மையால் அதில் படம் வரைவார்கள். இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் சேராது அல்லவா? கோடு உள்ள இடத்தில் தண்ணீர் நிற்காது. அங்கே மட்டும் அச்சு மை ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் விழும்.

ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே காகிதம் எல்லாக் கற்களிலும் படிய வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் சாமியின் முகம் கெட்டுவிடும்.

இப்படி ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவரும் சாமியைத் தம் வீட்டில் வைத்துக் கும்பிட முடிந்தது.

ஆனால் அச்சகத்துக்குச் செலவு அதிகம். கடன் ஏறியது. அச்சகம் லோனாவாலா பக்கத்தில் உள்ள மலவ்லிக்குப் போனது. கடைசியில் ஷ்லைஷர் என்ற ஜெர்மனிக்காரருக்கு அதை விற்றார்கள். ரவி வர்மா 1906-இல் காலமானார். 1972-இல் அச்சகத்தில் தீப்பிடித்தது. பல படங்கள் அழிந்துபோயின.

அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. அவர் 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற சினிமா எடுத்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும். கல்லில் வரைந்த, மை தடவிய மற்றவர்களின் பெயர் தெரியாது.

பழைய சாமி படம் கிடைத்தால் அடியில் பாருங்கள். சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். வேலை செய்தவர்களின் பெயர் இருக்காது. அவர்கள் உழைப்புதான் படமாக இருக்கிறது.