ஓப்பனிங் பேலன்ஸ் தப்பினால்...

எங்கள் திருக்கோகர்ணத்திலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் பஸ் பிடித்தால், ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கும் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். வாங்கி வாயில் போடுகிறோம். மரத்துக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று யார் ஸார் கேட்கிறோம்?

நம் ஊர் முந்திரியைக் குறை சொல்லவில்லை. கேரளாவில் காசர்கோட்டுக்காரர்கள் கேட்கும்படி ஆயிற்று. அங்கே அரசுத் தோட்டக் கழகம், தேயிலைக் கொசுவை ஒழிக்க முந்திரித் தோப்புகளில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை... இருபது வருஷத்துக்கும் மேல், 2000 வரை! கீழே கிணறு, வீடு, பள்ளிக்கூடம். ஊனத்துடன் குழந்தைகள் பிறப்பதாக ஜனங்கள் கதறினார்கள். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நல நிறுவனம் பத்ரே கிராமத்துப் பையன்கள் 117 பேரைப் பரிசோதித்தது. வயசுக்கு வருவதே தாமதமாகிறது என்று 2003-ல் ஆய்வு வெளியானது.

விஷயம் இதுதான். ஈஸ்ட்ரோஜன் என்பது பெண்மைக்கான ஹார்மோன். (ஆம்பளைக்கும் கொஞ்சம் உண்டு. மீசையைத் தடவாதீர்கள்!) டி.டி.டி., எண்டோசல்பான் மாதிரி மருந்துகள் அதற்குக் கள்ளச்சாவி. உடம்பின் பூட்டு ஏமாந்து திறந்துகொள்ளும்.

கருவில் முதல் ஆறு வாரம் ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. அப்புறம்தான் ஹார்மோன்கள் உத்தரவு போடும். அந்த நேரம் பார்த்துக் கள்ளச்சாவி நுழைந்தால்? பி.காம். பாஷையில் சொன்னால், ஓப்பனிங் பேலன்ஸே தப்பு. அப்புறம் எத்தனை தடவை கூட்டினாலும் டேலி ஆகாது.

அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்க என்று கர்ப்பிணிகளுக்கு 'டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால்' என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். அவர்கள் பெற்ற பெண்களில் சிலருக்கு அபூர்வமான புற்றுநோய் வந்தது 1971-ல் அம்பலமானது. மாத்திரை தின்றது அம்மா. பில் வந்தது பொண்ணுக்கு!

காசர்கோட்டில் எல்லாக் குறைக்கும் மருந்துதான் காரணமா என்று நிபுணர்களிடையே சண்டை உண்டு. ஆனாலும் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது.

லீவில் ஊருக்குப் போய் வயலுக்கு மருந்தடிக்கிற தம்பிகளே! அந்தச் சட்டையை அப்படியே பெண்டாட்டியிடம் துவைக்கப் போடாதீர்கள். நீங்களே தனி வாளியில் அலசுங்கள். "அவ இன்னும் உண்டாகலையே" என்பீர்கள். உண்டானது தெரிவதற்குள் ஒரு மாசம் ஓடிவிடும் ஸார். குழந்தையின் உறுப்புகள் உருவாக ஆரம்பிப்பதே அந்த நாட்களில்தான்.