ஒரு யூனிட் ரத்தம், இருபத்தோரு வருடம்

2002 ஜூலை. எல்லையில் ‘ஆபரேஷன் பராக்ரம்’ படைக்குவிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். பணியிலிருந்த விமானப்படை வீரர் ஒருவர் உடம்பு முடியாமல் ஜம்முவை அடுத்த சம்பா ராணுவ மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். தேறி வேலைக்குத் திரும்பினார். 2014-இல் மறுபடி படுத்தபோதுதான் எச்.ஐ.வி. தெரியவந்தது.

அன்று ஏற்றிய ரத்தம்தான் காரணம் என்று படையின் மெடிக்கல் போர்டே எழுதிக்கொடுத்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் இழப்பீடு கேட்டபோது தேசிய நுகர்வோர் ஆணையம் மனுவைத் தள்ளிவிட்டது.

உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. நிரந்தர ரத்த வங்கி இல்லாத இடம் அது. ரத்தம் ஏற்றுவதில் உள்ள அபாயத்தை நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியதாகவும் தெரியவில்லை. நடந்ததே சாட்சி பேசுகிறது, தவறு இல்லையென்று காட்டவேண்டியது படைதான் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 26 அன்று 1,54,73,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அதில் வருமான இழப்புக்கு 86,73,000, மன வேதனைக்கு 50 லட்சம், இனிவரும் சிகிச்சைக்கு 18 லட்சம். ராணுவம், விமானப்படை இரண்டுமே பொறுப்பு.

நம் ஊர் முன்னாள் படைவீரர்கள் பலர் இதில் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். டிசெபிலிட்டி பென்ஷன் வேறு, தவறான சிகிச்சைக்கான இழப்பீடு வேறு. உடல்நலக் குறைவு பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்றாலே பென்ஷன் கேட்கலாம். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மறுத்தால் மேல்முறையீடு, அதற்குப்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் அமர்வு உண்டு.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். பொதுவாக 2 ஆண்டு கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம். ஓசி வைத்தியம்தானே என்று கூச்சப்பட வேண்டாம். அது சம்பளத்தோடு சேர்ந்த உரிமை.

எல்லாம் கடைசியில் காகிதத்தில் வந்து நிற்கும். டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தம் ஏற்றிய குறிப்பு, போர்டு முடிவு எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். விடுவிப்பு நாளில், ஊருக்கு ரயிலேறும் அவசரத்தில், போர்டு முடிவைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.