கீழ் முதுகு எம்ஆர்ஐ: எந்தப் படம் எதைக் காட்டும்?

கீழ் முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்து வருமாறு மருத்துவர் கூறும்போது, அதை ஒரே படம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், நோயாளி கருவிக்குள் படுத்திருக்கும் சுமார் அரை மணி நேரத்தில், அதே பகுதி வெவ்வேறு முறைகளில் பலமுறை படமெடுக்கப்படுகிறது.

இவற்றில் அடிப்படையானவை டி1, டி2 ஆகிய இரண்டு முறைகள். டி2 படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். தண்டுவடத் திரவம் பளிச்சிடுவதால் நரம்பு எங்கே அழுத்தப்படுகிறது என்பதை எளிதில் காணலாம். நீர்ச்சத்தை இழந்த டிஸ்க் கருத்துத் தோன்றும். டி1 படத்தில் கொழுப்பு வெண்மையாகவும் நீர் கருமையாகவும் இருக்கும். பெரியவர்களின் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு மிகுதி என்பதால், தொற்றோ புற்றுநோயோ பரவிய இடம் அதில் கருமையாகப் புலப்படும்.

டி2 முறைக்கு ஒரு குறை உண்டு. தற்போது வழக்கத்தில் உள்ள விரைவு டி2 படங்களில் கொழுப்பும் வெண்மையாகவே தெரிவதால், எலும்புக்குள் கோத்த நீர் அதில் மறைந்துவிடக்கூடும். கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி, நீரை மட்டும் ஒளிரச் செய்யும் 'ஸ்டிர்' முறை இக்குறையைப் போக்குகிறது. புதிய எலும்பு முறிவையும் தொற்றையும் அது தெளிவாகக் காட்டும். காசநோய் மிகுந்த இந்தியாவில் இதன் தேவை அதிகம். முதுகெலும்புக் காசநோய் தொடக்கத்தில் சாதாரண முதுகுவலி போலவே இருக்கும். எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் எலும்பு கணிசமாக அரிக்கப்பட்டிருக்கும். விலகியுள்ள வேறு எலும்புகளையும் அந்நோய் தாக்கக்கூடும் என்பதால், முழு முதுகெலும்பையும் படமெடுப்பது நல்லது.

கடோலினியம் மருந்து செலுத்தி எடுக்கும் படம் எல்லோருக்கும் தேவையில்லை. டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பின் வலி திரும்பினால், தழும்புத் திசு மருந்தை ஏற்று ஒளிரும்; மீண்டும் பிதுங்கிய டிஸ்க் பொதுவாக ஒளிராது. ஸ்டிர் படத்தை இம்மருந்து செலுத்தும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

3 டெஸ்லா கருவியின் படம் கூர்மையானதுதான். ஆயினும் கீழ் முதுகின் பெரும்பாலான கேள்விகளுக்கு 1.5 டெஸ்லா போதுமானது. முதுகில் உலோகத் திருகுகள் பொருத்தப்பட்டவர்களுக்கு, படச் சிதைவு குறைவு என்பதால் அதுவே ஏற்றது.

படத்தில் தெரிவதெல்லாம் நோயும் அல்ல. முதுகுவலி இல்லாத 98 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1994-ல் வெளியான ஆய்வில், 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது வீங்கியிருந்தது. எனவே, எச்சரிக்கை அறிகுறி இல்லாத புதிய முதுகுவலிக்கு முதல் சில வாரங்களில் எம்ஆர்ஐ அவசியமில்லை. ஆனால் திடீரெனச் சிறுநீர் தடைபட்டாலோ, பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.