ஒரே கோப்பில் ஒரு சர்வர்

வலைச் சர்வர் செய்யும் வேலைகளிலேயே எளியது, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பது. பிரவுசர் ஓர் இணைப்பைத் திறந்து, வேண்டிய கோப்பின் பாதையை ஒரு வரியில் அனுப்புகிறது. சர்வர் அந்தப் பாதையை வட்டில் தேடுகிறது. இருந்தால் கோப்பை அனுப்புகிறது, இல்லாவிட்டால் இல்லை என்கிறது. 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் எச்டிடிபி நெறிமுறை ஏறக்குறைய இவ்வளவுதான். 200, 404 போன்ற நிலை எண்கள், தலைப்பு வரிகள், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் வசதி எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. அவை சேர்ந்த பிறகும், கோப்புகளை மட்டும் வழங்கும் சர்வர் ஒன்றைச் சி மொழியில் சில ஆயிரம் வரிகளுக்குள் எழுதிவிட முடியும். எழுதியதை இருபது ஆண்டுகளுக்குப் பழுதில்லாமல் ஓட வைப்பதுதான் கடினமான வேலை.

அப்பாச்சி, என்ஜினெக்ஸ் போன்ற பெரிய சர்வர்கள் எத்தனையோ வசதிகளைத் தருகின்றன. ஆனால் வீட்டு ரவுட்டருக்குள்ளும் கண்காணிப்பு கேமராவுக்குள்ளும் ஓட வேண்டிய சர்வருக்குக் கிடைக்கும் நினைவகம் சில மெகாபைட்தான். அத்தகைய இடங்களுக்காகவும், அமைப்புக் கோப்பு எதுவும் எழுதாமல் ஒரு கோப்புறையை உடனே வலையில் திறந்துவிட விரும்புவோருக்காகவும் சின்னச் சின்னச் சர்வர்கள் பிறந்தன. ஜெஃப் போஸ்கான்சரின் டிஎச்டிடிபிடி அவற்றில் மூத்த ஒன்று. எமில் மிக்குலிக் 2003 முதல் வளர்த்துவரும் டார்க்எச்டிடிபிடி சுமார் 3000 வரிகள் கொண்ட ஒரே சி கோப்பு. கம்பைல் செய்து, கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் ஓடத் தொடங்கிவிடும். எஸ்கியூலைட் தரவுத்தளத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் எழுதிய ஆல்ட்எச்டிடிபிடியும் ஒரே கோப்புதான். எஸ்கியூலைட்டின் வலைத்தளம் 2004 முதல் அதில்தான் இயங்குகிறது. 2024 கணக்கின்படி நாளொன்றுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளுக்கு, மாதம் 40 டாலர் வாடகையுள்ள ஒரு மெய்நிகர் கணினியில் அது பதில் சொல்கிறது. ஐந்து லட்சம் என்பது வினாடிக்கு ஐந்தாறு கோரிக்கைதான். உலகறிந்த ஒரு தளத்துக்கே அந்த வேகம் போதுமானதாக இருக்கிறது.

இந்தச் சர்வர்களில் அதிகக் கவனம் கோரும் இடம், பாதையைப் படிக்கும் பகுதி. கோரிக்கையில் வரும் பாதை வெளியார் எழுதியது. அதை அப்படியே கோப்பு முறைமையிடம் கொடுக்கக் கூடாது. பாதைக்குள் இரண்டு புள்ளிகள் வந்தால் 'ஒரு படி மேலே போ' என்று யுனிக்ஸ் புரிந்துகொள்ளும். அந்தப் படிகளை அடுக்கிக்கொண்டே போனால், பொதுவில் வைத்த கோப்புறையைத் தாண்டிக் கணினியின் கடவுச்சொல் கோப்பு வரை எட்டிவிடலாம். புள்ளிகளைத் தேடித் தடுத்தால் போதும் என்று தோன்றும், போதாது. வலை முகவரியில் எந்த எழுத்தையும் விழுக்காட்டுக் குறியும் அதன் எண்ணும் சேர்த்து மறைமுகமாக எழுதலாம். இடைவெளிக்கு %20 என்று எழுதுவதுபோல் புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் எண் உண்டு. முதலில் சோதித்துவிட்டுப் பிறகு குறியீட்டைப் பிரித்தால், மறைந்து வந்த புள்ளிகள் சோதனையைக் கடந்துவிடும். எனவே முதலில் பிரிக்க வேண்டும், அதன் பிறகே சோதிக்க வேண்டும், இரண்டாம் முறை பிரிக்கவே கூடாது. இந்த வரிசையைத் தெரியாமல் மாற்றிவிடும் ஒரு திருத்தம் சர்வர் முழுவதையும் திறந்துவிடும். பிரித்தால் சுழிய பைட்டாகும் %00 இன்னொரு பொறி. சி மொழியில் சரம் சுழிய பைட்டில் முடிகிறது. சோதிக்கும் பகுதி ஒரு நீளத்தையும் கோப்பைத் திறக்கும் பகுதி வேறொரு நீளத்தையும் பார்த்தால், சோதித்தது ஒன்றாகவும் திறந்தது மற்றொன்றாகவும் ஆகிவிடும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் இந்தப் பகுதிக்கு நல்ல தேர்வு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. வலை முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிகிறது. 'அம்மா' என்ற சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என ஐந்து குறியீடுகள். வட்டில் 15 பைட்டாக இருக்கும் அச்சொல் முகவரியில் 45 எழுத்தாகிவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் மனத்தில் கொண்டு ஒதுக்கிய இடம் இங்கே நிரம்பி வழியும். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224. சி மொழியின் 'சார்' வகை, இன்டெல் கணினிகளில் வழக்கமாகக் குறி உள்ள எண்ணாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி 224 என்பது -32 ஆகிவிடும். அந்த எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையில் தேடினால், அட்டவணைக்கு முன்னால் இருக்கும் யாருக்கோ உரிய நினைவகத்தை நிரல் படிக்கும். லினக்ஸ் ஓடும் ஆர்ம் சில்லுகளில் 'சார்' பெரும்பாலும் குறி இல்லாத எண். ஆகவே எழுதியவரின் மடிக்கணினியில் தெரியாத பிழை கேமராவில் தெரியலாம், கேமராவில் தெரியாதது மடிக்கணினியில் தெரியலாம். இதைத் திருத்த ஒரு சொல் போதும். கண்டுபிடிப்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

ஒரே நேரத்தில் பலர் கேட்கும்போது என்ன செய்வது என்பதில் இந்தச் சர்வர்கள் இரு வழிகளில் பிரிகின்றன. ஆல்ட்எச்டிடிபிடி ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை ஒன்றைத் தொடங்குகிறது. இணைப்பு முடிந்ததும் அது மறைந்துவிடும். நினைவகத்தைத் திருப்பித் தர மறந்த பிழைகள்கூட அதோடு அழிந்துபோகும். ஒருவருக்காக ஓடும் செயல்முறை முறிந்தாலும் மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. டார்க்எச்டிடிபிடியோ ஒரே செயல்முறைக்குள் ஒரே சுழற்சியில் எல்லா இணைப்புகளையும் பார்த்துக்கொள்கிறது. யாரிடமிருந்து பைட்கள் வந்திருக்கின்றன, யாருக்கு அனுப்ப இடம் இருக்கிறது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கேட்டு, தயாராக இருப்பவருக்கு மட்டும் வேலை செய்கிறது. இதில் நினைவகச் செலவு மிகக் குறைவு. அனுப்பச் சொன்ன பைட்கள் அனைத்தையும் கெர்னல் ஒரே முறையில் ஏற்றுக்கொள்ளாது என்பதால், யாருக்கு எதுவரை போயிருக்கிறது என்ற கணக்கை மட்டும் இணைப்புதோறும் பிசகாமல் வைத்திருக்க வேண்டும். பாதியில் பிரவுசரை மூடிவிடுபவரும் உண்டு. அறுந்த இணைப்பில் எழுத முயலும் நிரலுக்கு யுனிக்ஸ் ஒரு சைகை அனுப்பும்; அதைப் புறக்கணிக்கும்படி சொல்லி வைக்காவிட்டால் சர்வரே நின்றுபோகும். கெர்னலைக் கேட்கும் பழைய வழியான 'செலக்ட்' அழைப்பு, பல கணினிகளில் 1024-க்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ள இணைப்புகளை மட்டுமே தாங்கும். அதற்கு மேல் போனால் எச்சரிக்காது, அடுத்துள்ள நினைவகத்தில் எழுதிவிடும். இதனால்தான் பழைய சர்வர்களைப் புதுப்பிப்போர் அதை அகற்றிவிட்டு 'போல்', 'இபோல்', 'கேக்யூ' ஆகியவற்றுக்கு மாறுகிறார்கள்.

கோப்பை அனுப்புவதில் பெரிய லாபம் தருவது 'சென்ட்ஃபைல்' அழைப்பு. கெர்னலிடமிருந்து பைட்களை நிரலுக்கு எடுத்து, மீண்டும் கெர்னலிடமே கொடுக்கும் வீண் நகலெடுப்பை அது தவிர்க்கிறது. லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அதன் பெயர் ஒன்றுதான். அழைக்கும் முறை வேறு. இரண்டையும் ஆதரிக்கும் நிரலில் இரண்டு பாதைகள் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டிலும் சோதித்தாக வேண்டும். 32 பிட் கணினிகளில் கம்பைலருக்கு முறையாகச் சொல்லாவிட்டால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளின் அளவு கைமீறிப் போகும் என்பதும் இந்த இடத்தைச் சேர்ந்த பழைய சிக்கல்.

காப்புக்கு யுனிக்ஸ் தரும் வழி 'சிரூட்'. சர்வருக்கு ஒரு கோப்புறையையே முழுக் கணினியாகக் காட்டுவது இது. அதோடு நிர்வாகி அதிகாரத்தையும் சர்வர் தனியே துறக்க வேண்டும். இங்கேயும் எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. பதிவுக் கோப்பை முன்பே திறந்திருக்க வேண்டும். நேர மண்டலத் தகவலை முன்பே படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போன பிறகு அது கிடைக்காது. குழு அதிகாரத்தை விட்ட பிறகே பயனர் அதிகாரத்தை விட வேண்டும். மாற்றிச் செய்தால் குழு அதிகாரத்தைக் கைவிடும் அதிகாரமே போய்விடும். ஒவ்வொரு படியும் நிறைவேறியதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிற்பது நல்ல நிரலின் இலக்கணம்.

இத்தனை கவனத்தோடு எழுதிய நிரலிலும் பிழைகள் வெளிப்படுகின்றன. டார்க்எச்டிடிபிடியில் 2020-இல் பதிவான பிழை அதற்குச் சான்று. கோப்பு கடைசியாக மாறிய தேதியைச் சர்வர் பதிலோடு அனுப்புவது வழக்கம். கோப்பின் தேதி கற்பனைக்கெட்டாத எதிர்காலத்தில் இருந்தால், வினாடிகளை ஆண்டு, மாதம், நாள் என்று பிரிக்கும் நூலகச் செயல்கூறு தோற்றுப்போகும். ஆண்டைத் தாங்கும் எண் சுமார் 214 கோடி வரைதான் போகும். தோற்றதைக் கவனிக்காமல் வெற்று முகவரியை எடுத்துக்கொண்டு மேலே போன சர்வர் முறிந்து விழுந்தது. ஒரே செயல்முறையில் எல்லாரையும் கவனிக்கும் சர்வர் என்பதால், அந்த ஒரு கோப்பை ஒருவர் கேட்டதும் எல்லாருக்கும் சேவை நின்றது. இயல்பாக யாரும் அப்படியொரு தேதியைக் கோப்புக்கு வைப்பதில்லை. பழுதான வட்டிலோ, பிறர் கோப்பு ஏற்றக்கூடிய கோப்புறையிலோ அது நேரலாம்.

2024-இல் வெளிவந்த இன்னொரு குறை, கடவுச்சொல்லை ஒப்பிடும் முறையில் இருந்தது. சி மொழியின் வழக்கமான ஒப்பீட்டுச் செயல்கூறு, வேறுபடும் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். எத்தனை எழுத்து சரியாக இருந்ததோ அதற்கேற்பப் பதில் வர ஆகும் நேரம் மிக நுண்ணிய அளவில் நீளும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளால் ஆன எட்டெழுத்துக் கடவுச்சொல்லை முழுதாக ஊகிக்க 20,000 கோடிக்கு மேற்பட்ட வாய்ப்புகள் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் சரியா என்று தனித்தனியே அறிய முடிந்தால் 208 ஊகங்களே போதும். வலைப் போக்குவரத்தின் இரைச்சலில் அந்த நேர வேறுபாட்டை அளக்க ஒவ்வோர் ஊகத்தையும் பலமுறை திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். ஆயினும் வழி திறந்தே இருந்தது. எங்கே வேறுபட்டாலும் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுவிட்டுப் பதில் சொல்வதே திருத்தம். அதே சமயம் இன்னொரு குறையும் பதிவாயிற்று. கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் கொடுப்பதால், அதே கணினியைப் பயன்படுத்தும் பிறர் செயல்முறைப் பட்டியலைப் பார்த்தே அதைத் தெரிந்துகொள்ளலாம். அமைப்புக் கோப்பே வேண்டாம் என்ற எளிமைக்கு இது ஒரு விலை.

இப்படிப்பட்ட பிழைகளைத் தேட இன்று நல்ல கருவிகள் இருக்கின்றன. நினைவக எல்லையை மீறும் அணுகல்களை ஓடும்போதே பிடிக்கும் 'அட்ரஸ் சானிடைசர்' 2012 வாக்கில் கம்பைலர்களுக்குள் வந்தது. 'ஃபசிங்' என்ற முறையில், கருவி கோரிக்கையை லட்சக்கணக்கான விதங்களில் சிதைத்துச் சர்வருக்கு ஊட்டி, எந்தச் சிதைவில் அது முறிகிறது என்று பார்க்கிறது. டார்க்எச்டிடிபிடியின் மூல நிரலோடு, பாதையைப் பாதுகாப்பானதாக்கும் செயல்கூறை மட்டும் தனியே எடுத்து இவ்வாறு தாக்கும் சோதனையும் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியைத் தனிச் செயல்கூறாகப் பிரித்து வைத்திருப்பதால்தான் அது முடிகிறது.

பராமரிப்பவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் மற்றொரு கேள்வி, எதைச் சேர்ப்பது என்பது. மறையாக்கம் வேண்டும், பெரிய சர்வர்கள் தரும் எல்லாம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஓயமாட்டார்கள். மறையாக்க நூலகம் ஒன்றைச் சேர்த்தால், 3000 வரிச் சர்வர் பல லட்சம் வரிகளின் பிழைகளுக்கும் பொறுப்பேற்க நேரும். அதனால் மறையாக்கத்தை முன்னால் நிற்கும் வேறொரு நிரலிடம் விட்டுவிடும் சர்வர்கள் உண்டு. ஆல்ட்எச்டிடிபிடி போல, வேண்டுவோர் மட்டும் கம்பைல் செய்யும்போது சேர்த்துக்கொள்ள விடுபவையும் உண்டு. ஒருவர் ஒரு வாரத்துக்குள் முழுதாகப் படித்துவிடக்கூடிய அளவில் நிரல் இருப்பதே இவ்வகைச் சர்வரின் உண்மையான பலம். சேர்க்கும் ஒவ்வொரு வசதியும் அந்தப் பலத்திலிருந்துதான் கழிகிறது.

ஆனால் சிறிதாக இருப்பது மட்டும் காப்பாகிவிடாது. ஒருகாலத்தில் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் பரவியிருந்த 'போவா' என்ற சிறு சர்வரின் வளர்ச்சி 2005-இல் நின்றது. சில்லு உற்பத்தியாளர்கள் தரும் மென்பொருள் தொகுப்புகளில் அது அதற்குப் பிறகும் தங்கிவிட்டது. இந்திய மின்கட்டமைப்பைக் குறிவைத்த ஊடுருவல் பற்றி ரெகார்டட் ஃபியூச்சர் நிறுவனம் 2022 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. அதில் குறிப்பிட்ட இணைய முகவரிகளை ஆராய்ந்த மைக்ரோசாஃப்ட், அங்கே போவா ஓடிக்கொண்டிருந்ததாக அதே ஆண்டு நவம்பரில் தெரிவித்தது. உலகெங்கும் ஒரே வாரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட போவா சர்வர்கள் இணையத்தில் திறந்து கிடப்பதையும் கண்டது. அவற்றின் பிழைகள் பல பொதுவெளியில் பதிவானவை. திருத்தம் வெளியிடத்தான் ஆளில்லை. லினக்ஸ் கணினியில் நிறுவிய சர்வருக்குத் திருத்தம் வந்தால், அடுத்த புதுப்பித்தலில் அது தானே வந்து சேரும். கேமராவுக்குள் பதிந்த சர்வருக்கு அந்த வழி இல்லை. மூல நிரல் திருந்தி, சில்லு நிறுவனத்தின் தொகுப்பு மாறி, கேமரா நிறுவனம் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டு, உரிமையாளர் அதை நிறுவினால்தான் அது மாறும். இந்த நான்கில் ஒன்று நின்றாலும் பழைய சர்வரே தொடர்ந்து ஓடும். எனவே கருவிக்குள் எந்தச் சர்வரின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை உற்பத்தியாளர் பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கேட்டுவருகிறார்கள்.