மயக்க மருந்து கிட்னியைக் கெடுத்துடுமா?

மணலூர்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பையனுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். வயிற்றில் டயாலிசிஸ் டியூப் வைக்க ஆபரேஷன். "மயக்க மருந்து கொடுத்தா, இருக்கிற கொஞ்ச கிட்னியும் போயிடுமா தம்பி?"

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1960களில் புழக்கத்தில் இருந்த மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து உண்மையிலேயே கிட்னியைக் கெடுத்தது. அதனால்தான் ஆபரேஷன் தியேட்டரை விட்டே போனது. இன்றைக்குக் கொடுக்கிற செவோஃப்ளூரேன் பெரும்பாலும் மூச்சு வழியாகவே வெளியேறிடும். புரோபோஃபாலைக் கல்லீரல் பார்த்துக்கும்.

சிக்கல் கூடவே போடுற ஊசிகளில்தான். உதாரணத்துக்கு மார்ஃபின். அதைக் கல்லீரல் மாற்றும்போது உருவாகிற ஒரு பொருள் மார்ஃபினைவிட வீரியமானது. வெளியேற வேண்டியது சிறுநீரில். கிட்னி வேலை செய்யலைன்னா உடம்பிலேயே தங்கிடும். ஆபரேஷன் நல்லபடியா முடிந்து, வார்டுக்கு வந்து பல மணி நேரம் கழித்துக்கூட பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கலாம், மூச்சு மந்தமாகலாம். 'அசதியில தூங்குறான்'னு விட்டுடாதீங்க, உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. ஃபென்டனில் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

தசையைத் தளர்த்துற சக்சினைல்கோலின் ரத்தத்தில் பொட்டாசியத்தைச் சுமார் 0.5 புள்ளி ஏற்றும். ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருக்கிற பிள்ளைக்கு அந்த அரைப் புள்ளியே இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கலாம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னாடி திரும்பவும் ரத்தம் எடுக்கிறாங்க. 'எத்தனை தடவைதான் குத்துவீங்க'ன்னு சண்டை போடாதீங்க. அட்ராகூரியம்னு இன்னொரு மருந்து இருக்கு. ரத்தத்திலேயே தானாக உடைந்துபோகும், கிட்னியை எதிர்பார்க்காது. எனக்கு ரொம்பப் பிடித்த மருந்து இதுதான்!

என்னைக் கேட்டா, பெரிய ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகுதான். திருவண்ணாமலையிலோ புதுச்சேரியிலோ ஆபரேஷன் முடித்து ஊருக்கு வந்தாச்சு. ராத்திரி வலியில் பிள்ளை அழுவுது. கையெட்டும் தூரத்தில் மெடிக்கல் ஷாப். அங்கே சாதாரணமாகக் கிடைக்கிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், காய்ச்சல் சிரப்பில் வருகிற மெஃபெனமிக் ஆசிட் மூன்றுமே கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பாரசிட்டமால் போதும், அதுவும் எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவில்.

அக்கா, டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த வலி மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறைன்னு தமிழில் எழுதி வாங்கிக்கோங்க. கொடுக்கக் கூடாத மருந்துகளின் பேரையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்க.