உட்காட்சியா, வழிகாட்டலா? இயந்திரம் கற்கும் இரு வழிகள்

ஒரே வேலைக்கெனப் பயிற்றப்பட்ட கணினி நிரலைப் போலன்றி, மனிதரைப் போல எத்துறையையும் புதிதாகக் கற்றுச் செயல்படவல்ல இயந்திர அறிவே செயற்கைப் பொது நுண்ணறிவு எனப்படுகிறது. இன்னும் எட்டப்படாத அவ்வறிவு, தானே கண்டறிந்து கற்குமா, பிறர் காட்டிய வழியில் கற்குமா என்பது ஆய்வாளர்களிடையே முதன்மையான வினாவாக உள்ளது.

சிக்கலின் கூறுகளுக்கிடையிலான தொடர்பு திடீரெனப் புலப்பட்டுத் தீர்வு கிடைப்பதை உளவியலார் உட்காட்சிவழிக் கற்றல் என்பர். முதல் உலகப்போர்க் காலத்தில் டெனரீஃப் தீவில் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர், சுல்தான் என்னும் சிம்பன்சி இரு குச்சிகளை ஒன்றில் ஒன்று செருகி, எட்டாத பழத்தை இழுத்துக்கொண்டதை இதற்குச் சான்றாகக் காட்டினார்.

இயந்திரங்களில் இவ்வினாவுக்குத் தெளிவான சோதனைக்களமாக அமைந்தது கோ என்னும் பலகை விளையாட்டு. 2016இல் தென்கொரிய வீரர் லீ செடோலை 4-1 என வென்ற ஆல்ஃபாகோ என்னும் நிரல், முதலில் மனிதர் ஆடிய ஆட்டங்களிலிருந்து கற்றது. மறு ஆண்டில் வந்த ஆல்ஃபாகோ ஜீரோவோ, விதிகளை மட்டும் பெற்று, மூன்று நாள்களில் தன்னோடு தானே ஏறத்தாழ 49 லட்சம் ஆட்டங்கள் ஆடி, லீயை வென்ற பதிப்பை 100-0 எனத் தோற்கடித்தது. எனினும், இத்தனை முயற்சிகளில் விளைந்த திறனைச் சுல்தானின் உட்காட்சியோடு ஒன்றாக எண்ணலாகாது.

கோ விளையாட்டில் வெற்றி தோல்வியை விதியே தீர்த்துவிடுவதால் ஆசான் தேவைப்படவில்லை. நல்ல விடை எது, தீங்கற்ற அறிவுரை எது என்பவற்றுக்கு அத்தகைய விதி கிடையாது. ஆகவேதான், விடைகளை மனிதர் தரவரிசைப்படுத்த, அதில் வெளிப்படும் விருப்பத்தைக் கொண்டு இயந்திரத்தைத் திருத்தும் முறை வளர்ந்தது. இம்முறையில் பயிற்றப்பட்ட 130 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் மாறும் எண்கள், கொண்ட மொழி மாதிரியின் விடைகளை, 17,500 கோடி அளவுருக்கள் கொண்ட ஜிபிடி-3 என்னும் மாதிரியின் விடைகளைவிட மதிப்பீட்டாளர்கள் விரும்பினர் என 2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் அறிவித்தது.

2025இல் சீனாவின் டீப்சீக் நிறுவனம் வெளியிட்ட ஆர்1-ஜீரோ என்னும் மொழி மாதிரியோ, மனிதர் எழுதிய மாதிரி விடைகளின்றிப் பயின்றபோதே தன் கணக்கை நிறுத்தி மறுபரிசீலனை செய்யும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டது. ஆனால் அதன் எழுத்து மொழிகள் கலந்து, படிக்கக் கடினமாக இருந்தமையால், அடுத்த பதிப்புக்கு மாதிரி விடைகள் ஊட்டப்பட்டன.

சரிபார்க்கத்தக்க துறைகளில் தற்கற்றலும், மதிப்பீடு சார்ந்த துறைகளில் வழிகாட்டலும் இன்றியமையாதவை என்பதையே இவை காட்டுகின்றன. எனவே, பொது நுண்ணறிவுக்கு வழிகாட்டுவோர் யார், எந்த அளவுகோலால் வழிகாட்டுகின்றனர் என்பதைச் சில நிறுவனங்களின் முடிவுக்கு விட்டுவிடாமல், பல மொழியினரும் பல துறையினரும் பங்கேற்கும் பொதுவிவாதத்துக்கு உட்படுத்த வேண்டும்.