பழைய பியட்: பெயிண்ட் அப்புறம், பிரேக் முதலில்!

மும்பை வீதிகளில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பியட் டாக்சிகளின் காலம் 2023 அக்டோபர் மாதத்தோடு முடிந்தது. கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29-ந் தேதி. இந்த நகரில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கணக்கு அதோடு தீர்ந்தது.

டாக்சி போனதே தவிர, கார் போகவில்லை. மாதுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் பழைய கட்டிடங்களின் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தால், துணி உறை போட்டு மூடிய பிரிமியர் பத்மினி ஒன்றாவது கண்ணில் படும். குர்லாவில் தயாரான கார் அது. இத்தாலியின் பியட் 1100 தான் அதற்கு மூலம். 1964-ல் ‘டிலைட்’ என்ற பெயரில் வந்தது. 1970-களில் பத்மினி ஆயிற்று. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலம் உண்டு. இன்று அதே காரை, தகப்பனார் ஓட்டியது என்றோ, சின்ன வயதில் ஏக்கத்தோடு பார்த்தது என்றோ சம்பளக்காரர்கள்கூட வாங்கிப் புதுப்பிக்கிறார்கள்.

வாங்கியவர் முதலில் செய்வது என்ன? பெயிண்ட் அடிக்கிறார். அடுத்து சீட் தைக்கிறார். மூன்றாவதாகப் பாட்டுப் பெட்டி வைக்கிறார். பிரேக்கைப் பற்றிய நினைப்பு வருவது, குடும்பத்தோடு லோனாவாலா போய்விட்டு கண்டாலா மலைப்பாதையில் கோப்போலியை நோக்கி இறங்கும்போதுதான்!

பழைய காரில் கவனிக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. பிரேக், வயரிங், சஸ்பென்ஷன். இந்த மூன்றும் சரியான பிறகே மற்றதெல்லாம். கார் கிழடு ஆகிவிட்டது, அதனால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி விட்டுவிடும் கோளாறுகளில் பெரும்பாலானவை கிழத்தனத்தால் வந்தவை அல்ல, கவனிக்காததால் வந்தவை.

பெடல் சொல்லும் சேதி

பழைய பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே பாதை கொண்டது. அதாவது, ஒரு சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக்கும் கியரும் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டு பெடலில் காலை வைக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை அழுத்துங்கள். பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்ததும் கெட்டியானால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. பஞ்சுபோல் இல்லை, ஆனால் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் மேலே வருகிறது என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்தால் போதும். காலை அழுத்தியபடியே அரை நிமிடம் வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அந்தக் காரை அன்று ஓட்டக்கூடாது.

பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஒரு பக்கத்து வீல் சிலிண்டர் துருவேறிச் சிக்கியிருக்கும். அல்லது லைனிங்கில் ஆயிலோ கிரீசோ பட்டிருக்கும். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடும் வழக்கம் இருக்கிறது. அது வீண் வேலை. சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும்.

பலரைக் குழப்பும் கோளாறு ஒன்று உண்டு. காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கை மாற்றுவார்கள், ஷூவை மாற்றுவார்கள், தீராது. காரணம் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ். வெளியே புத்தம் புதிதுபோல் தெரிந்தாலும் உள்ளே வீங்கிப்போய் வழி அடைபட்டிருக்கும். காலின் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வர வழியில்லை. அந்தச் சக்கரத்தின் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சியதும் சக்கரம் விடுபட்டால் சந்தேகம் ஹோஸ் மேல் விழும். வயது தெரியாத ஹோஸ் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது நல்லது.

மலைப்பாதையில் நடப்பது

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நான்கு மாதம் மழை பெய்யும் இந்த ஊரில் அதற்குக் கேட்கவே வேண்டாம். புதிய டாட்-3 ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதில் வரும். ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இன்னொன்றும் நடக்கலாம். பெடல் கல்லுபோல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இது டிரம்மும் லைனிங்கும் சூடேறிப் பிடிப்பு இழந்ததன் அடையாளம். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குவது. நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் மிச்சம் பிடிப்பது என்ன என்பதை வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டும்.

ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்ற வேண்டும். குறைந்த இடத்தில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் எல்லா ரப்பரும் ஊதிப்போகும். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் ஊர்க் காரில் அது பின்னால் இடது பக்கம். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். “தம்பி, விடாதே!” என்ற சத்தம் பட்டறையில் கேட்பது இதற்காகத்தான்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுவதோ, காற்றுக் குழாயால் அடிப்பதோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் போன்ற இடங்களில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் டிரம் நனைந்து பிரேக் பிடிக்காது. இது கோளாறு அல்ல. மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்திக்கொண்டே சிறிது தூரம் போனால் உலர்ந்துவிடும்.

வெள்ளிக் காகித வைத்தியம்

பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிப் போடும் வைத்தியத்தை அறியாத டிரைவர் இல்லை. பழைய கார்கள் தீப்பற்றி எரிய இதைவிடச் சுலபமான வழியும் இல்லை. பியூஸ் எரிவது அது கெட்டதால் அல்ல. எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து பாடியில் படுகிறது. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

இந்தக் கார்களில் மின்சாரக் கோளாறு என்று வரும் பத்தில் பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான் என்பது அனுபவப்பட்ட எலெக்ட்ரீஷியன்கள் சொல்வது. மின்சாரம் வயர் வழியாகப் போய், பாடி வழியாகத் திரும்புகிறது. பாடியில் துருவும் பெயிண்டும் சேர்ந்தால் திரும்ப வழியில்லை. இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குவது, ஹாரன் அடித்தால் விளக்கு மங்குவது, எல்லாம் இந்த வகைதான். புதுப் பெயிண்ட் அடித்த பிறகு இது அதிகமாவதையும் பார்க்கலாம்.

சோதிக்க ஒரு மல்ட்டி மீட்டர் போதும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி காயில் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை கெட்டிருக்கிறது. கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். செலவு, உப்புத்தாள் ஒரு தாள்.

பேட்டரியையும் பார்த்துவிடலாம். ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருந்தால் சரி. டைனமோ உள்ள வண்டியில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் விளக்கு மினுக்குவது இயல்பு. வேகம் கூட்டியதும் அணைய வேண்டும். டைனமோவுக்குப் பதில் ஆல்ட்டர்னேட்டர் போடுவது பயனுள்ள மாற்றம். ஆனால் பேட்டரிக்குப் போகும் வயரையும் தடிப்பானதாக மாற்றாவிட்டால் பழைய வயர் கொதிக்கும்.

விளக்கு மங்கலாக இருக்கிறது என்று பெரிய பல்பு போடுகிறார்கள். இது தலைகீழ் வேலை. 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 10 ஆம்பியர் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போயாக வேண்டும். வழியில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ரிலே இரண்டு வைத்து, பேட்டரியிலிருந்து பியூசோடு தனி வயர் இழுத்தால் பழைய பல்பே பளிச்சென்று எரியும், ஸ்விட்சும் பிழைக்கும்.

எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் நிற்கும் காரின் பானட்டுக்கு அடியில் அது குடும்பமே நடத்தும். வண்டியை எடுக்கும் முன் திறந்து பார்ப்பது நல்லது.

கிங் பின்னா, பேரிங்கா?

பியட்டுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். பம்பர் மூலையை அழுத்திவிட்டு விடுங்கள். மேலே வந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. மாற்றும்போது ஜோடியாக மாற்ற வேண்டும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகள். இந்த ஒரு நிமிடச் சோதனை, தேவையில்லாத சாமான் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். கிங் பின்னுக்குக் கிரீஸ் தவறாமல் அடித்துவந்தால் நீண்ட நாள் உழைக்கும். டாக்சிக்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்தார்கள். வீட்டுக்காரர்கள்தான் மறந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது துரு. இந்தக் காருக்குத் தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம் வெறும் தகடுதான். கடற்காற்றில் அது அரித்திருந்தால் புது ஸ்பிரிங், புது ஷாக் எதுவும் பிரயோசனமில்லை. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் போக வேண்டியது வெல்டிங் பட்டறைக்கு. லாம்பி பூசி மறைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. தணிந்துபோன ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் கட்டை செருகுவதும் அதே ரகம்தான்.

டயரை ரேடியலாக மாற்றுவதானால் நான்கையும் மாற்ற வேண்டும். பழைய வகையோடு கலந்து போட்டால், மழைச் சாலையில் வளைவில் கார் சொன்ன பேச்சுக் கேட்காது.

எது முன்னேற்றம்?

முன்சக்கரத்துக்கு வேறு காரின் டிஸ்க் பிரேக் போடுவது இப்போது பலருக்கு மோகம். டிஸ்க் நல்லதுதான், நனைந்தாலும் சீக்கிரம் உலரும், சூடும் தாங்கும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் அளவு பொருந்த வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் சமன் பார்க்க வேண்டும். இல்லையேல் அவசரத்தில் ஒரு முனை முந்திக்கொண்டு பூட்டி வண்டி சுழலும். தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. அந்த எண்ணம் உள்ளவர்கள் எதையும் வெட்டி ஒட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவருக்கு இதைவிடப் பலன் தருவது இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர். இதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு குழாய் போனாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். பொருத்துவது அனுபவசாலியான மேஸ்திரியாக இருக்க வேண்டும். பத்மினியில் கை பழகிய மேஸ்திரிகளுக்கும் வயதாகிவிட்டது, கிடைத்தால் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் விடியற்காலையில், காலியான சமதளச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பழக வேண்டும். புது லைனிங் டிரம்மில் பதியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். பதிந்ததும் இடைவெளி கூடிப் பெடல் இறங்கும். அப்போது ஒரு முறை ஷூவை அட்ஜஸ்ட் செய்து, ஆயில் மட்டம் பார்த்து, நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் மறுபடி முடுக்கிவிட வேண்டும்.